வெள்ளை பிடிச்ச இலை

தவபாலன் பயற்றங்கொடியின் நுனியொன்றை முறித்து
ஷொப்பிங் பையில் சுற்றிக் கொண்டுவந்தார்.
கண்ணாடி மேசையில் போட்டார்.
"பாரும், வெள்ளை பிடிச்சிட்டுது.
அழுக்கணவன் காணாதெண்டு இப்ப இதுவும்."

புன்னாலைக்கட்டுவன் சந்தி, காலை ஒன்பதேகால்.
முதலாளி கொழும்பில்.
நான் கணக்கெழுதுகிறவள்தான், என்றாலும்
பதினொரு வருஷமாய் இந்தப் போத்தல்களின் மணத்தில் நிற்கிறவள்.
வெள்ளை என்றால் இடது பக்கம், இரண்டாம் தட்டு.
இலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.
இரண்டு மூடி, பதினாறு லீற்றர் தண்ணி,
காத்து எழும்ப முதல் அடியுங்கோ,
மிச்சக் காசுக்கு ரொபி தரட்டோ?
சிரித்தார்.
மோட்டார் சைக்கிள் ஊரெழுப் பக்கம் திரும்பிய சத்தம்.

இலை மேசையிலேயே கிடந்தது.
எறியத்தான் எடுத்தேன்.

வெள்ளையில் ஒன்று நடந்தது.

முடிவுத் திகதி வாசிக்கவென்று ஒரு பூதக்கண்ணாடி வைத்திருக்கிறேன்;
போத்தலில் தமிழை எறும்பின் காலளவில்தான் அச்சடிப்பார்கள்.
அதை மேலே பிடித்தேன்.

தண்டு முழுக்கக் கறுப்பாய் அழுக்கணவன்,
தோளோடு தோள் நெருங்கி
மூக்கைக் குத்தி, பின்பக்கம் தூக்கி.
ஒருத்தி பெற்றுக்கொண்டிருந்தாள்.
பிள்ளை கால்முதலாய் வந்தது.
அதன் வயிற்றிலும் பிள்ளை இருக்குமாம்.
முட்டை இல்லை, புருஷன் இல்லை,
முப்பத்தொன்றுக்கும் பொறுப்பதில்லை.
எறும்புகள் காவல் நின்றன.
முதுகில் தட்டித் தட்டி
இனிப்பு வாங்கின, வரி மாதிரி.

அந்த வெள்ளை அவற்றின் இடையால் போனது.
பஞ்சு இல்லை, மெழுகு.
தானே சுரந்து தானே உடுத்தது.
ஒரு எறும்பு மறித்துக் கடித்தது;
வாய் நிறைய மெழுகு.
அது தன் முகத்தைத் துடைத்துத் துடைத்து நின்றதில்
உள்ளே இருப்பது ஆரென்று விசாரிக்க மறந்தது.

வெள்ளை ஒரு அழுக்கணவனைப் பிடித்தது.
விழுங்கவில்லை.
உறிஞ்சியது, கொஞ்சம் திருப்பி விட்டது, மறுபடி உறிஞ்சியது.
கடைசியில் ஒரு தோல்,
குடித்து எறிந்த ஐஸ்பக்கற் உறை போல.
பிறகு அடுத்தது.

இலையின் அடியில் வளர்ந்தது ஒன்று.
எள்ளில் பாதி. கபிலம். மேலே பூனைமயிர்.
முதுகின் வளைவைப் பார்த்தால் பொறிவண்டுச் சாதி;
ஆனால் சிவப்பு இல்லை, புள்ளி இல்லை.
கொம்பனிக் கலண்டரில்
'நன்மை செய்யும் பூச்சிகள்' என்று டிசம்பர்த் தாளில் ஏழு படம்.
ஏழும் புள்ளி வைத்தவை.
டிசம்பரை ஆர் பார்க்கிறார்கள்?

பதினொரு வருஷத்தில்
எத்தனை வெள்ளைக்கு இரண்டாம் தட்டைக் காட்டியிருப்பேன்.
பில் புத்தகங்கள் எல்லாம் அலுமாரியில்தான் இருக்கின்றன.
கூட்டினால் தெரியும்.
கூட்டவில்லை.

தவபாலனுக்குக் கோல் எடுத்தேன். மணி போய் நின்றது.
திரும்ப எடுத்தேன்.
மனுசி வந்தா, சிவயோகநாயகி.
"அவர் தோட்டத்திலை, மருந்து கலக்கிறார். என்னவாம் சொல்ல?"

என்னவாம் சொல்ல.
வெள்ளை, வெள்ளை இல்லை.
அது உங்கட ஆள், உடுப்புத்தான் மாறி நிற்குது.
போத்தலைக் கொண்டுவாங்கோ, மூடி திறந்திருந்தாலும் பரவாயில்லை,
முதலாளியிட்ட நான் பேச்சு வாங்குறன்.
இவ்வளவுக்கும் மூச்சு எடுத்தேன்.

"நிக்கச் சொல்லுங்கோ," என்றேன்.
"கொஞ்சம் நிக்கச் சொல்லுங்கோ."

அவ கூப்பிட்டபடி ஓடுவது கேட்டது.
செருப்பு, வாய்க்கால் தண்ணீர்,
கிணற்றடி மெசினின் இரைச்சல்.
பிறகு அந்த இரைச்சல் மட்டும்.

போனைக் காதில் வைத்துக்கொண்டே குனிந்தேன்.
வெள்ளை, முறித்த காம்பின் ஓரம்வரை வந்து
முன்கால்களால் ஒன்றுமில்லாத இடத்தைத் தடவிப் பார்த்து
திரும்பியது.
தண்டில் இன்னும் நிறைய மிச்சம் இருந்தது.